பின்சக்கரம் எப்போது இழுக்கிறது?

செஞ்சிக்கு மாற்றலாகி வந்த இரண்டாவது ஆண்டில் அந்தப் பழைய காரை வாங்கினேன். நான் கால்நடை மருத்துவர். மருத்துவமனைக்கு ஓட்டி வருகிற ஆடு மாடுகளைப் பார்ப்பது பாதி வேலை, எழுந்து வர முடியாத மாடுகளைத் தேடிப் போவது மீதி வேலை. முதல் ஆண்டு முழுக்க ஸ்கூட்டரில் போனேன். வெயில் காலத்தில் அதற்கு ஒரு குறையும் இல்லை. ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால், ஏரிக்கரைப் பாதையின் களிமண் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். வண்டியை அங்கேயே ஓரங்கட்டிவிட்டு, செருப்பை ஒரு கையிலும் மருந்துப் பெட்டியை இன்னொரு கையிலும் பிடித்துக்கொண்டு வரப்பு மேல் நடந்து போவேன்.

கார் ஏற்காட்டிலிருந்து வந்தது. அங்கே காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒருவர் பல வருடம் ஓட்டிவிட்டு விற்றிருந்தார். உயரமான வண்டி. பின்கதவில், நான்கு சக்கரங்களுக்கும் இழுவை உண்டு என்பதைச் சொல்லும் எழுத்துகள் பித்தளை நிறத்தில் ஒட்டியிருந்தன. விற்றுக் கொடுத்த தரகர் அந்த எழுத்துகளைத் துண்டால் துடைத்துக் காட்டினார். "மழைக்கு பயமே வேணாம் மேடம். நீங்க ஸ்டியரிங்க புடிச்சிகினு குந்துனா போதும், மீதி அது பாட்டுக்கு பாத்துக்கும்" என்றார்.

என் கணவர் அனந்தபுரம் பக்கத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். அவரிடம் ஒரு சின்ன கார் உண்டு, முன்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி. புது வண்டி வாசலில் வந்து நின்றதும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"நாலு சக்கரமும் இழுக்குதுன்னு போட்டிருக்குது. எப்போ இழுக்கும்?"

"எப்பவும்தான்."

"எப்பவும்னா பெட்ரோல் குடிச்சி மாளாதே. தேவைப்படறப்ப மட்டும்னா, தேவைன்னு அதுக்கு யார் சொல்றது?"

எனக்குத் தெரியவில்லை. அன்று சாயங்காலம் வண்டியோடு வந்த புத்தகத்தைப் புரட்டினேன். அதில் இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே என்றுதான் நிறைய எழுதியிருந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. ஒரு மாட்டின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் மருந்து கொடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாத வண்டியை நம்பி மழையில் போவதும் அதே மாதிரிதான் என்று தோன்றியது.

பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நல்ல தூறல். ஊருக்கு வெளியே ஏரி ஓரமாக, மாடுகள் இறங்கி ஏறிக் குழைத்து வைத்திருந்த ஒரு சேற்றுச் சரிவுக்கு வண்டியைக் கொண்டுபோனேன். அவர் குடையைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றார். இன்னொரு கையில் செல்போன். நான் மெதுவாக ஆக்சிலரேட்டரை மிதித்தேன். வண்டி லேசாகத் தயங்கியது. பிறகு யாரோ பின்னாலிருந்து தோள் கொடுத்த மாதிரி சரிவில் ஏறிவிட்டது.

"இன்னொரு தரம் போ" என்றார். மறுபடி இறங்கி மறுபடி ஏறினேன். நாலைந்து தரம் ஆனதும் குடையை மடக்கிவிட்டு, பேன்ட் முழங்கால் நனைய உட்கார்ந்தே படம் பிடித்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து அந்தப் படத்தை மெதுவாக ஓட விட்டுப் பார்த்தோம். முன்சக்கரம் முதலில் சும்மா சுற்றுகிறது, சேறு தெறிக்கிறது, வண்டி நகரவில்லை. அதன் பிறகுதான், கண் மூடித் திறக்கிற நேரம் கழித்து, பின்சக்கரம் மண்ணைப் பிடித்துத் தள்ளுகிறது.

"அதாவது, வழுக்கினப்பறம்தான் அதுக்கு தெரியுது" என்றார்.

அது எனக்குப் புதிய செய்தி. வழுக்காமல் பார்த்துக்கொள்கிற வண்டி என்று நான் நினைத்திருந்தேன். இது வழுக்கியதைக் கவனித்து வேலையைப் பங்கு போடுகிற வண்டி.

திண்டிவனம் சாலையில் நான் ஸ்கூட்டர் விடுகிற பட்டறைக்குப் பக்கத்திலேயே கார் பட்டறை ஒன்று இருக்கிறது. எண்ணெய் மாற்றப் போனபோது மெக்கானிக்கிடம் கேட்டேன். அவருக்கு என் வயதுதான் இருக்கும். "நான் இந்த மாதிரி வண்டிய தொறந்து பாத்ததில்ல மேடம். வாங்க, மேல தூக்கி பாப்போம்" என்றார். லிப்டில் வண்டி உயர்ந்ததும் நாங்கள் இருவரும் அண்ணாந்துகொண்டு அடியில் நின்றோம். முன்பக்கத்திலிருந்து ஒரு நீளமான இரும்புத் தண்டு பின்பக்கம் வரை போகிறது. பின் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால், சோற்றுப் பானையைப் படுக்க வைத்த மாதிரி ஓர் உருளை. அதிலிருந்து மின்சார ஒயர் ஒன்று போனது.

"இதுக்குள்ளதான் விஷயம் இருக்கணும்" என்றவர், பட்டறைக்கு வெளியே போய், பக்கத்தில் யாருடைய பைக்கிலிருந்தோ கழற்றிப் போட்டிருந்த கிளட்ச் தட்டுகளை எடுத்து வந்தார். வட்ட வட்டமான மெல்லிய தட்டுகள். தளர்வாகப் பிடித்தால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிச் சுற்றின. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் எல்லாம் ஒன்றாகச் சுற்றின. முன்சக்கரம் வேகமாகச் சுற்றி, பின்சக்கரம் சும்மா நின்றால், வண்டியின் கம்ப்யூட்டர் இந்தத் தட்டுகளை அழுத்திவிடுகிறது என்று இருவருமாக ஊகித்தோம். அழுத்தினால் இஞ்சினின் பலத்தில் ஒரு பங்கு பின்னால் போகும். பிறகு விசாரித்ததில் அது ஏறக்குறைய சரியாகவே இருந்தது. டேஷ்போர்டில் பூட்டுப் படம் போட்ட ஒரு பொத்தான் இருந்ததற்கும் அன்றுதான் அர்த்தம் தெரிந்தது. அதை அமுக்கினால், மெதுவாகப் போகிற வரை, வழுக்குவதற்குக் காத்திராமல் முன்னும் பின்னும் சேர்ந்தே இழுக்கும்.

கார்த்திகையில் இரண்டு நாளாக விடாத மழை. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். காலையில் மருத்துவமனைக்குக் கிளம்பும்போது தொண்டூருக்கு அந்தப் பக்கம் உள்ள ஒரு குடியிருப்பிலிருந்து போன் வந்தது. பேசிய அக்காவை எனக்குத் தெரியும். கணவர் திருப்பூரில் வேலை செய்ய, இவர் மட்டும் இரண்டு கறவை மாட்டை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துகிறவர்.

"டாக்டரம்மா, செவல மாடு விடியல்ல இருந்து முக்கிகினே இருக்குது. ரெண்டு காலு தெரியுது, தலையக் காணோம். படுத்துட்டு எழுந்துக்க மாட்டேங்குது."

கால் தெரிந்து தலை தெரியாவிட்டால் கன்று உள்ளே தலையைத் திருப்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எவ்வளவு முக்கினாலும் தானாக வராது. தாமதமானால் கன்றும் போகும், மாடும் போகும். "தண்ணி காட்டு அக்கா. காலைப் புடிச்சி யாரும் இழுக்க வேணாம். நான் வந்துட்டே இருக்கேன்" என்று சொல்லிவிட்டு மருத்துவமனைக்கும் தகவல் சொன்னேன். கணவர் அதற்குள் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"நீங்க எங்க?"

"ரெண்டு காலு தெரியுதுங்கறாங்க. கயிறு இழுக்க ஆள் வேணாமா? போற வழியில சக்கரத்தயும் பாத்துக்கறேன்."

தார்ச்சாலை இருந்த வரை ஒன்றும் தெரியவில்லை. குன்றுகளின் உருண்டைப் பாறைகளிலிருந்தெல்லாம் தண்ணீர் வெள்ளைக் கோடுகளாக இறங்கிக்கொண்டிருந்தது. சாலையில் ஓர் இடத்தில் தண்ணீர் பரவி நின்றது. நான் அப்படியே போனேன். ஒரு கணம் ஸ்டியரிங் கைக்குள் லேசாகிவிட்டது. எடையே இல்லாத ஒன்றைப் பிடித்திருக்கிற மாதிரி இருந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மறுபடி கனம் வந்தது.

"இப்ப இன்னா ஆச்சு?" என்றார் அவர்.

"நாலு சக்கரமும் தண்ணி மேல மிதந்துது."

"அப்போ நாலு சக்கரமும் இழுத்து இன்னா பிரயோசனம்?"

"இழுக்கறதுக்கு கீழ ரோடு இல்லையே."

அதற்குப் பிறகு வேகத்தைக் குறைத்துக்கொண்டேன். அவர் ஜன்னலைத் திறந்து, முன்னால் போன பேருந்தின் சக்கரம் தண்ணீரை எப்படி இரண்டு பக்கமும் பிரித்துத் தள்ளுகிறது என்று எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். டயரின் பள்ளங்கள் வழியாகத்தான் தண்ணீர் வெளியே போக வேண்டும், வேகம் கூடினால் அதற்கு நேரம் கிடைக்காது என்று, வகுப்பில் சொல்கிற குரலில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தொண்டூர் தாண்டியதும் ஓடையின் குறுக்கே ஒரு தரைப்பாலம். ஓரத்துக் கற்கள் மூழ்கியிருந்தன. தண்ணீர் செம்மண் நிறத்தில் சத்தமே இல்லாமல் வேகமாகப் போனது. அக்கரையில் ஒரு டிராக்டர்காரர் நின்று, வேண்டாம் என்று இரண்டு கையையும் குறுக்கே ஆட்டினார். வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தேன். கணவர் ஒரு வேலிக்குச்சியைத் தண்ணீருக்குள் விட்டார். ஓட்டம் அதை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை. எத்தனை சக்கரம் இழுத்தால் என்ன, பக்கவாட்டில் தள்ளுகிற தண்ணீருக்கு அது கணக்கே இல்லை.

அந்த அக்காவுக்குப் போன் போட்டேன். "பாலத்து மேல தண்ணி போவுது அக்கா. மேட்டு வழியா சுத்திகினு வரேன்."

"அந்த வழியில டிராக்டரே வழுக்குதும்மா" என்றார் அவர். குரல் உடைந்திருந்தது. பின்னால் மாடு முனகுகிறது கேட்டது.

மேட்டு வழி என்பது இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஏறி இறங்குகிற மண்பாதை. ஏற்றத்தின் அடியில் நிறுத்தி, பூட்டுப் பொத்தானை அமுக்கினேன். முதல் கியரில், அவசரப்படாமல் ஏறினேன். களிமண்ணில் டிராக்டர் போட்டிருந்த பள்ளத்துக்குள் இடது சக்கரங்கள் இறங்கின. வலது முன்சக்கரம் ஏறக்குறைய காற்றில் நின்று சுற்றியது. அடியிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. சும்மா சுற்றுகிற சக்கரத்துக்கு வண்டியே பிரேக் போட்டு, மண்ணைப் பிடித்திருந்த சக்கரங்களுக்குப் பலத்தை அனுப்புகிறது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு அது ஏதோ உடைகிற சத்தமாகத்தான் கேட்டது. காலை எடுத்துவிடலாமா என்று தோன்றியது. எடுக்கவில்லை. ஒரு நத்தை போகிற வேகத்தில், ஆனால் ஒரு இடத்திலும் நிற்காமல், வண்டி மேட்டின் தலைக்கு வந்துவிட்டது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். "ஏறிட்டுதே" என்றார். அந்தச் சந்தோஷத்தில்தான் இறக்கத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை.

இறக்கம் செங்குத்தாக இல்லை. பாதி வழியில் பாதை இடது பக்கம் வளைகிறது. வளைவுக்கு நேர் எதிரே சுவர் கட்டாத ஒரு பாசனக் கிணறு. மழையில் விளிம்பு வரை நிறைந்து, தரையோடு தரையாகத் தெரிந்தது. வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். மிதி என் பாதத்துக்கு அடியில் தடதடவென்று அதிர்ந்தது. வண்டி நிற்கவில்லை. ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினேன். அதற்கும் கேட்கவில்லை. மேலே அவ்வளவு சமர்த்தாக ஏறிய அதே வண்டி, இப்போது சோப்புக் கட்டி மாதிரி நேராகக் கிணற்றைப் பார்த்துப் போனது. வேகம் ஒன்றும் இல்லை, ஆள் நடக்கிற வேகம்தான். அந்த மெதுவான போக்குதான் பயமாக இருந்தது.

கணவர் என் தோளைத் தொட வந்த கையைப் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

அப்போது நான் செய்தது யோசித்துச் செய்ததா என்று இன்றும் எனக்குத் தெரியாது. பிரேக்கிலிருந்து காலைக் கொஞ்சம் தளர்த்தினேன். நிற்க வேண்டிய நேரத்தில் பிரேக்கை விடுவதற்கு உடம்பு எளிதில் சம்மதிப்பதில்லை. ஆனால் தளர்த்தியதும் சக்கரங்கள் உருள ஆரம்பித்தன. உருண்டதும் திருப்பிய பக்கம் பிடித்தன. வண்டி மூக்கை இடது பக்கம் திருப்பி, பாதையை விட்டு, வரப்பைத் தாண்டி, அறுவடை முடிந்த வேர்க்கடலை நிலத்துக்குள் இறங்கி நின்றது. கிணறு எங்களுக்கு வலது பக்கத்தில், ஒரு தென்னை ஓலை நீளத் தொலைவில் இருந்தது.

கைப்பிரேக்கை இழுத்துவிட்டு இஞ்சினை அணைத்தேன்.

"எறங்கி நடப்போம்" என்றார் அவர். நடந்தோம். மருந்துப் பெட்டியை அவர் வாங்கிக்கொண்டார்.

மாடு கொட்டகையில் பக்கவாட்டில் படுத்திருந்தது. அந்த அக்கா அதன் கழுத்தைத் தன் மடிமேல் வைத்திருந்தார். "வந்துட்டியாம்மா" என்று மட்டும் சொன்னார். நான் கையைக் கழுவி, தோள் வரை உறை போட்டு, வழுவழுப்பு மருந்து தடவி உள்ளே விட்டேன். நினைத்தது சரி. தலை விலாப் பக்கம் மடங்கியிருந்தது. கன்றின் வாய்க்குள் விரலை விட்டேன். மெல்லச் சப்பியது. உயிர் இருந்தது.

கன்றைச் சற்று உள்ளே தள்ளினால்தான் தலையைத் திருப்ப இடம் கிடைக்கும். மாடு முக்குகிற நேரம் காத்திருந்து, அது மூச்சு வாங்குகிற நேரம் பார்த்துத் தள்ளினேன். கீழ்த்தாடையில் கயிறு போட்டு, மூக்கை உள்ளங்கையால் மூடிப் பாதுகாத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தலையைப் பாதைக்குக் கொண்டுவந்தேன். கை மரத்துப்போயிருந்தது. பிறகு இரண்டு காலிலும் கயிறு கட்டிக் கணவரிடம் கொடுத்தேன்.

"ரெண்டையும் ஒண்ணா இழுக்காதீங்க. ஒரு காலு, அப்புறம் இன்னொரு காலு. அது முக்கறப்ப மட்டும்."

"ஒண்ணா இழுத்தா இன்னா?"

"தோள் ரெண்டும் ஒரே நேரத்துல வந்து சிக்கிக்கும்."

அவர் அதை ரசித்த மாதிரி தலையாட்டிவிட்டு, சொன்னபடியே இழுத்தார். கிடாரிக் கன்று. வைக்கோல் மேல் நழுவி விழுந்ததும் அசையவில்லை. மூக்கைத் துடைத்து, வைக்கோல் துரும்பை நாசிக்குள் விட்டுக் கிளறினேன். ஒரு தும்மல் போட்டது. அந்த அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கொஞ்சம் கழித்து, "காபி வைக்கறேன், குந்துங்க" என்று எழுந்து போனார்.

காபி குடிக்கும்போது மழை விட்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் டிராக்டர் கொண்டு வந்து இழுத்துத் தருவதாகச் சொன்னார். ஒரு முறை முயற்சி செய்து பார்க்கிறேன் என்றேன். வண்டிக்குத் திரும்பி நடந்துபோய், பூட்டுப் பொத்தானை அமுக்கி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, மெதுவாக விட்டேன். ஈர நிலத்திலிருந்து வண்டி தானாகவே வெளியே வந்துவிட்டது. கிளம்புவதிலும் ஏறுவதிலும் அதற்கு இணை இல்லை. நிற்பதில் மட்டும் ஏன் இப்படி?

அந்தக் கேள்வி எங்கள் இருவரையும் ஒரு வாரம் விடவில்லை. கணவர்தான் ஒரு வழி சொன்னார். "உன் வண்டியும் என் வண்டியும் ஒரே ஈர ரோட்டுல, ஒரே வேகத்துல போயி பிரேக் போடட்டும். எது சீக்கிரம் நிக்குதுன்னு பாத்துடுவோம்."

திருவண்ணாமலை சாலையில் மனை போட்டு, தார் ரோடும் எல்லைக் கல்லும் மட்டும் வைத்து, ஒரு வீடும் வராத ஒரு லேஅவுட் இருக்கிறது. அடுத்த மழையில் இரண்டு வண்டியையும் அங்கே கொண்டுபோனோம். பிரேக் போட வேண்டிய இடத்தில் என் குடையை விரித்து வைத்தோம். அவர் வண்டி நின்ற இடத்தில் ஒரு கல், என் வண்டி நின்ற இடத்தில் ஒரு கல். மூன்று தரம் செய்தோம். மூன்று தரமும் அவருடைய சின்ன கார்தான் குறைந்த தூரத்தில் நின்றது. பித்தளை எழுத்து ஒட்டிய என் வண்டி நன்றாகவே தள்ளிப் போய் நின்றது.

கல்லைக் கொண்டுபோய் வைத்தபோது அவர் நடையில் ஒரு மிதப்பு இருந்தது.

பிரேக் எல்லா வண்டியிலும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. இழுவை எத்தனை சக்கரத்துக்குப் போனாலும் நிறுத்துவதில் அதற்கு வேலை இல்லை. என் வண்டி கனம் அதிகம். குனிந்து டயரைப் பார்த்தோம். அவருடைய டயரின் பள்ளத்தில் விரல் நுனி பதிந்தது. என்னுடையதில் நகம்கூடச் சரியாக இறங்கவில்லை. மண்ணில் ஏறும்போது நான்கு டயரும் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டுக்கொண்டதால், அவை தேய்ந்து போனதே எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. வழுக்குகிற வண்டியாக இருந்திருந்தால் முன்பே கவனித்திருப்பேன்.

நான்கு டயரையும் சேர்த்தே மாற்றினேன். இரண்டு மட்டும் மாற்றினால் புதிய டயரும் பழைய டயரும் வேறு வேறு கணக்கில் சுற்றும், அந்தத் தட்டுகள் அதை வழுக்கல் என்று நினைத்து வீணாக உழைக்கும் என்று மெக்கானிக் சொன்னார். அவரும் எங்களுக்காக இதைப் பற்றித் தேடிப் படித்திருந்தார். பட்டறைக்கு அந்த மாதிரி வண்டி இன்னொன்று வந்தால் எனக்குச் சொல்வதாகவும், சேர்ந்து திறந்து பார்க்கலாம் என்றும் சொன்னார்.

மார்கழித் தொடக்கத்தில் கடைசியாக ஒரு மழை. புது டயரோடு மறுபடி அதே லேஅவுட்டுக்குப் போனோம். அன்று அங்கே ஆடு மேய்க்கிற ஒரு அம்மா, உரச்சாக்கைத் தலைக்கு மடித்துப் போட்டுக்கொண்டு எல்லைக் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தார். நாங்கள் இரண்டு வண்டியில் மாற்றி மாற்றி ஓடுவதும், நிற்பதும், இறங்கிக் கல் வைப்பதுமாக இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னா சார், பிரேக் புடிக்கலியா?"

"புடிக்குதும்மா. எவ்ளோ தூரத்துல புடிக்குதுன்னு பாக்கறோம்."

"ரெண்டும் ஒண்ணாதான் நிக்குது" என்றார் அவர். அப்படித்தான் இருந்தது. இரண்டு கல்லுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. என் கணவர் குனிந்து, தன் கல்லைக் கொஞ்சம் குடைப் பக்கம் நகர்த்தப் பார்த்தார். அந்த அம்மா, "தோ, சார் கல்ல நவுத்தறாரு" என்றார்.

பிறகு எழுந்து வந்து என் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒரு தபா நானும் உள்ள குந்திகினு பாக்கட்டா? நிக்கறப்ப எப்டி இருக்குதுன்னு."

சாக்கை உதறி மடித்துக் காலடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்தார். பெல்ட்டை நான் மாட்டிவிட்டேன். குடை வரை போய் பிரேக்கை மிதித்தேன். அடியில் தடதடத்தது, வண்டி முன்பக்கம் குனிந்து நின்றது. அவர் இரண்டு கையாலும் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு வயிறு குலுங்கச் சிரித்தார். ஆடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன.

"இன்னொரு தபா" என்றார்.

வண்டியைத் திருப்பினேன்.